வீட்டுப் பனையை ஓராண்டு முழுக்கப் பயன்படுத்துவது எப்படி: பதநீர் முதல் வடலி என்னும் இளம்பனை வரை முழுமையான வழிகாட்டி

பனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வேர் முதல் குருத்து வரை பயன் தரும் மரம் என்றுதான் தொடங்குவார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பயன்கள் எல்லாம் ஒரே மரத்தில் ஒரே ஆண்டில் கிடைப்பதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. பாளையைச் சீவிப் பதநீர் எடுத்தால் அந்தப் பாளையில் நுங்கு இல்லை. நுங்காக வெட்டிவிட்டால் பழம் இல்லை. பழம் விழாவிட்டால் கொட்டை இல்லை, கொட்டை இல்லாவிட்டால் தைப் பொங்கலுக்குக் கிழங்கு இல்லை, கன்றும் இல்லை. எந்த மரத்தில் எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது என்ற கணக்குதான் பனை வளர்த்த குடும்பங்களின் அறிவு. அந்தக் கணக்கு கைவிட்டுப் போகிறதே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வயல் வரப்பிலோ தோட்டத்து ஓரத்திலோ பத்துப் பனை வைத்திருப்பவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒரேயொரு மரம் இருந்தாலும் பாதிக்குமேல் உங்களுக்குப் பொருந்தும்.

முதலில் மரத்தைப் பிரித்து அறியுங்கள்

பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். கன்றைப் பார்த்து எது ஆண், எது பெண் என்று சொல்ல முடியாது. பூக்கும்வரை, அதாவது பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேல், பொறுத்திருக்க வேண்டும். ஆண் பனையில் விரல் விரலாக நீண்டு தொங்கும் பூந்தண்டு வரும். அதை அலகு என்பார்கள். அதனால் அந்த மரத்துக்கு அலகுப் பனை என்றும் பெயர். பெண் பனையில் பாளை விரிந்து குரும்பை பிடிக்கும். அது பருவப் பனை. இரண்டிலுமே பதநீர் கிடைக்கும். நுங்கும் பழமும் பெண் பனையில் மட்டும்தான்.

பத்து மரத்தில் ஆண் மரங்கள் எல்லாவற்றையும் பதநீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெண் மரங்களில் இரண்டு அல்லது மூன்றைப் பழத்துக்கென்று விட்டுவிட்டு, மீதியைப் பதநீருக்கும் நுங்குக்கும் பிரித்துக்கொள்ளலாம். எங்கள் ஆச்சி பழத்துக்கு விட்ட மரத்தின் அடியில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். அந்த மரத்தில் நுங்கு வெட்ட யாருக்கும் அனுமதி கிடையாது, விருந்தாளி வந்திருந்தாலும் சரி.

கார்த்திகை, மார்கழியில் மரத்தைக் கழிக்க வேண்டும். காய்ந்து தொங்கும் காவோலை, மட்டையின் அடிப்பகுதியான பத்தை, அதை ஒட்டித் துணிபோல் பின்னிக் கிடக்கும் பன்னாடை எல்லாவற்றையும் அகற்றினால்தான் பனையேறுபவர் பாளையிடம் போக முடியும். கழித்ததில் எதையும் வெளியே எறியாதீர்கள். காவோலையும் பத்தையும் கருப்பட்டி காய்ச்ச எரிபொருள். பன்னாடை வடிகட்டி.

பதநீர் இறக்குதல்

தை பிறந்ததும் தென் மாவட்டங்களில் பாளை சீவத் தொடங்குவார்கள். ஆனி, ஆடி வரை பருவம் ஓடும். பழக்கமில்லாதவர்கள் மரம் ஏற முயலவே கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். பனை 100 அடி உயரம்வரை போகும், பிடித்துக்கொள்ள ஒரு கிளைகூடக் கிடையாது. தளைநாரைக் காலில் மாட்டி, நெஞ்சை மரத்தோடு சேர்த்து ஏறுவது சிறுவயதிலிருந்து உடம்பில் ஏறிய வித்தை. பனையேறியைக் கூப்பிட்டு, அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

அவர் என்ன செய்கிறார் என்பது தெரிந்திருந்தால் நீங்கள் கீழேயிருந்து துணை நிற்கலாம். ஆண் பனையின் அலகுகளை இடுக்கி என்ற மரக்கருவியால் சில நாள்கள் மெதுவாக நசுக்கி, சேர்த்துக் கட்டுவார். பெண் பாளையைத் தட்டிப் பதப்படுத்துவார். பிறகு நுனியைப் பாளை அரிவாளால் தாள் கனத்துக்குச் சீவுவார். சில நாளில் சொட்டத் தொடங்கும். அன்றிலிருந்து காலையும் மாலையும் ஏறி, நுனியைப் புதிதாகச் சீவிவிட வேண்டும். ஒரு வேளை தவறினால் வெட்டு வாய் அடைத்துக்கொண்டு சொட்டு குறைந்துவிடும்.

பதநீர் பதநீராக இருப்பதற்கும் கள்ளாக மாறுவதற்கும் இடையில் இருப்பது சுண்ணாம்பு மட்டும்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்புக் குழம்பைத் தடவிக் கட்டினால் பதநீர் புளிக்காது. தடவாமல் கட்டினால் இரவோடு இரவாகப் புளித்துக் கள் ஆகிவிடும். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால் சுண்ணாம்பில் கவனக்குறைவு கூடாது. அதே சமயம் அதிகமாகத் தடவினால் நாக்கு வெந்துபோகும், கருப்பட்டியும் சுண்ணாம்பு வாடை அடிக்கும். தடவிய பூச்சு வழியாமல், கலயத்தின் மண் நிறம் மங்கலாகத் தெரியும் அளவில் இருந்தால் போதும். ஒவ்வொரு முறையும் கலயத்தைக் கழுவிக் காய வைத்துப் புதிதாகத் தடவ வேண்டும்.

குடிப்பதற்கு வேண்டியதைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். பச்சை ஓலையைக் குழிவாக மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றி, இளநுங்கைக் கையால் பிய்த்துப் போட்டுக் குடிப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். டம்ளரில் குடித்தால் அந்த ஓலை மணம் வராது.

கருப்பட்டி காய்ச்சுதல்

பதநீர் வெயில் ஏறுவதற்குள் அடுப்பில் ஏற வேண்டும். 10 லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கருப்பட்டி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பருவம், மரம், மழை இவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும்.

1. பதநீரைச் சிறிது நேரம் அசைக்காமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிவை மட்டும் பன்னாடையிலோ துணியிலோ வடிகட்டி வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றுங்கள். அடிமண்டியைப் பேராசைப்பட்டுச் சேர்க்காதீர்கள்.

2. தீயைச் சீராக எரியவிடுங்கள். முதலில் அழுக்கு நுரை மேலே திரளும். அதை அகப்பையால் எடுத்துவிட வேண்டும்.

3. கொதி ஏறும்போது நுரை பாத்திரத்தைத் தாண்டப் பார்க்கும். ஆமணக்கு விதையை நுணுக்கி ஒரு சிட்டிகை தூவினால் நுரை அடங்கி உள்ளே போகும். ஒரு சொட்டு எண்ணெயும் அந்த வேலையைச் செய்யும். ஆமணக்கு விதை நச்சுத்தன்மை உள்ளது. மிகக் குறைவாகவே தூவ வேண்டும், மீதியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். முதல்முறை காய்ச்சுகிறவர்கள் எண்ணெயோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

4. இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கும், பிறகு செம்பழுப்புக்கும் போகும். இடையில் இளம்பாகாக இருக்கும்போது கொஞ்சம் எடுத்து வைத்தால் தோசைக்கும் ஆப்பத்துக்கும் தொட்டுக்கொள்ளலாம்.

5. கொதி பெரிய குமிழாக மாறி, தளக் தளக் என்று சத்தம் வரும்போது தீயைக் குறையுங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீர் வைத்து ஒரு சொட்டுப் பாகை விடுங்கள். விரலால் உருட்டினால் கையில் ஒட்டாமல் உருண்டையாக நிற்க வேண்டும். கரைந்தால் இன்னும் காய வேண்டும். கல்லாகி உடைந்தால் பதம் தாண்டிவிட்டது, கசக்கும்.

6. இறக்கி வைத்துத் துடுப்பால் விடாமல் கிண்டுங்கள். ஓரத்தில் மணல்போலப் பூத்து வரும்போது, ஈரமணலில் வரிசையாகப் பதித்து வைத்த சிரட்டைகளில் ஊற்றுங்கள். சிரட்டையை முன்கூட்டியே நனைத்திருக்க வேண்டும். ஆறியதும் கவிழ்த்துத் தட்டினால் கழன்று வரும்.

சுக்கு, மிளகு, ஏலக்காய் சேர்ப்பதானால் கடைசியாகக் கிண்டும்போதுதான் சேர்க்க வேண்டும். ஓலைப்பெட்டியில் அடுக்கி, அடுப்புப் புகை படும் பரணில் வைப்பது பழைய முறை. மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரத்தை இழுத்துக் கசியும். அதைப் பார்த்துக் கெட்டுவிட்டதென்று வீச வேண்டாம், மேலே படிந்ததைத் துடைத்துவிட்டு வெயிலில் வைத்தெடுங்கள். தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தேரிச் செம்மணலில் நிற்கும் பனைக்கும், அங்கே காய்ச்சும் கைகளுக்கும் சேர்ந்து கிடைத்த பெயர் அது.

பனங்கற்கண்டுக்கு இவ்வளவு தூரம் காய்ச்சக் கூடாது. விரலிடையில் கம்பி இழுக்கும் பாகுப் பதத்தில் இறக்கி, நூல் தொங்கவிட்ட பானையில் ஊற்றி, அசைக்காமல் ஒன்றரை மாத அளவுக்கு மூடி வைக்க வேண்டும். நூலிலும் பானைச் சுவரிலும் கற்கண்டு கட்டியிருக்கும். கட்டாமல் தங்கிய பாகான கசண்டை வடித்துவிட்டுக் கழுவிக் காய வையுங்கள்.

நுங்கு

சித்திரை, வைகாசியில் குலையைக் கயிறு கட்டி இறக்க வேண்டும், மேலிருந்து போட்டால் சிதறிவிடும். தலைப்பகுதியைச் சீவியதும் மூன்று கண் தெரியும். கண்ணின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறதா, அது குடிக்கிற பதம். எதிர்த்தால் அது சீக்காய், வயிற்றைப் பிசையும். தோலோடு சாப்பிடுங்கள். அந்தத் துவர்ப்புத் தோலை நீக்கித் தருவது கடைக்காரர் வழக்கம், வீட்டில் அது வேண்டாம். நுங்கு எடுத்த பின் மிஞ்சும் காய்க்கூட்டைக் கூந்தல் என்போம், அதை மாட்டுக்குப் போடலாம். அதற்கு முன் இரண்டு கூந்தலைக் குச்சியில் கோத்துப் பிள்ளைகளுக்கு வண்டி செய்து கொடுங்கள்.

பழம்

ஆடி, ஆவணியில் பழுத்தது தானாக விழும். விடியற்காலையில் போய்ப் பொறுக்க வேண்டும், தாமதித்தால் மாடு சப்பிவிடும். சுட்டுச் சாப்பிடுவதானால் தணலில் புரட்டிப் புரட்டித் தோல் கருகும்வரை வாட்டி, தோலை உரித்துச் சப்ப வேண்டும். எங்கள் வீட்டில் துண்டாக வெட்டிக் கருப்பட்டி போட்டு அவிப்போம்.

பழச்சாற்றைப் பதப்படுத்துவதில் யாழ்ப்பாணத்தாரை யாரும் மிஞ்ச முடியாது. பழத்தைத் தோல் நீக்கி, சிறிது நீர் தெளித்துப் பிசைந்து, தும்பிலிருந்து களியைப் பிரித்துத் துணியில் வடிப்பார்கள். அந்தக் களியைப் பச்சை வாடையும் காறலும் போகக் காய்ச்சி, ஆறவிட்டு, மாவும் சீனியும் சேர்த்துச் சிறு சிறு உருண்டையாக எண்ணெயில் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். காய்ச்சாமல், பாயில் மெல்லிய படலமாக ஊற்றி வெயிலில் உலர்த்தி, அது காய்ந்ததும் அதன் மேல் அடுத்த நாள் இன்னொரு படலம் என்று ஊற்றிக்கொண்டே வந்தால் தோல்போல உரியும் பனாட்டு. எறும்பும் மழையும் அணுகாமல் உயரமான பந்தலில் பாயை விரிப்பது முக்கியம்.

சப்பிய கொட்டையை எறியாமல் ஒரு மூலையில் நிழலில் சேர்த்து வாருங்கள். அடுத்த வேலைக்கு அதுதான் விதை.

கிழங்குப் பாத்தி

ஒருமுறை களிமண் தரையில் பாத்தி போட்டேன். தையில் தோண்டியபோது கிழங்கெல்லாம் வளைந்தும் முடிச்சு விழுந்தும் கிடந்தது. உடையாமல் ஒன்றுகூட வரவில்லை. முளை கீழ்நோக்கித்தான் இறங்கும், அதற்கு இளக்கமான மண் வேண்டும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

தரையைக் கொத்தாமல், மணலும் செம்மண்ணும் கலந்து இடுப்பளவுக்குச் சற்றுக் குறைவாக மேடு கட்டுங்கள். கீழே தரை கெட்டியாக இருப்பது நல்லது, கிழங்கு அங்கே வந்து நின்றுவிடும். மேட்டின் மேல் கொட்டைகளை நெருக்கமாக, ஒன்றையொன்று தொடும்படி அடுக்குங்கள். கண் பக்கம் கீழே இருந்தால் நேராக இறங்கும். மேலே கையளவு மண் போட்டு ஓலையால் மூடுங்கள். ஆவணி, புரட்டாசியில் போட்டால் ஐப்பசி மழையே நீர் பாய்ச்சிவிடும். மழை தள்ளிப்போனால் நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம், தேங்கக் கூடாது. மூன்றரை, நான்கு மாதத்தில் ஓரத்தில் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். விரற்கடை கனம் வந்திருந்தால் மேட்டைச் சரிக்கலாம்.

மேலே கிடக்கும் கொட்டையை வெட்டினால் உள்ளே வெண்மையான பஞ்சு உருண்டை இருக்கும். நாங்கள் தவுண் என்போம், யாழ்ப்பாணத்தில் பூரான். இனிப்பும் மொறுமொறுப்புமாக இருக்கும், பிள்ளைகள் பாத்தி தோண்டும் இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

கிழங்கைத் தோல் உரித்துக் கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவையுங்கள். வெந்ததை இரண்டாகப் பிளந்தால் நடுவில் குச்சிபோல ஒரு குருத்து நிற்கும், அது பீலி. அதை எடுத்துவிட்டு, தும்பை உரித்துக்கொண்டே தின்ன வேண்டும். பல் இல்லாத பெரியவர்களுக்கு, தும்பெடுத்துப் பூண்டும் மிளகும் உப்பும் சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடித்துக் கொடுக்கலாம்.

பச்சையாகவே பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். புழுக்கொடியலை அப்படியே கடித்துத் தின்னலாம், பயணத்துக்கு நல்லது. ஒடியலை இடித்து மாவாக்கினால் கூழுக்கும் பிட்டுக்கும் ஆகும். ஆனால் ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். கசப்பும் உடம்புக்கு ஆகாததும் அந்த நீரோடு போகின்றன. இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.

ஓலை

பனை ஏறத்தாழ மாதத்துக்கு ஓர் ஓலை விடும். அதற்குமேல் வெட்டினால் மரம் இளைக்கும். நடுக்குருத்தைச் சுற்றியுள்ள ஓலைகளை எப்போதும் விட்டுவையுங்கள். விரியாத குருத்தோலை மென்மையான முடைசலுக்கு. விரிந்து முற்றிய ஓலை கூரைக்கும் பெட்டிக்கும். காவோலை அடுப்புக்கும் வேலிக்கும்.

கொட்டான் என்னும் சிறு ஓலைப்பெட்டி முடையக் குருத்தோலையை வெயிலில் நான்கைந்து நாள் போட்டு வெளுக்கவிட வேண்டும். ஈர்க்கைக் கிழித்தெடுத்து, ஓலையை ஒரே அகலத்தில் வாருங்கள். சாயம் வேண்டுமென்றால் சாயநீரில் கொதிக்கவைத்து நிழலில் உலர்த்துங்கள். முடையத் தொடங்குமுன் நீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஒடியாது. அடிப்பகுதியைப் பாய்போலப் பின்னி, நான்கு மூலையிலும் மடக்கி எழுப்ப வேண்டும். மூலை இறுகாவிட்டால் பெட்டி ஒருபக்கம் சாயும், அதைப் பின்னால் திருத்த முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். செட்டிநாட்டுக் கொட்டானையும் மணப்பாட்டு ஓலைப் பெட்டிகளையும் ஒருமுறை கையில் எடுத்து மூலையை மட்டும் உற்றுப் பாருங்கள், கற்றுக்கொள்ள அதுவே போதும்.

கார்த்திகைத் தீபத்தன்று குமரி, நெல்லைப் பக்கத்தில் ஓலைக் கொழுக்கட்டை அவிப்போம். பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய்த் துருவல், வறுத்த சிறுபயறு, சுக்கு, ஏலம் எல்லாவற்றையும் கெட்டியாகப் பிசைந்து, சாண் நீளம் நறுக்கிய குருத்தோலையின் மடிப்புக்குள் திணித்து, ஓலை நாராலேயே கட்டி ஆவியில் வேகவைக்க வேண்டும். ஓலையின் வரி கொழுக்கட்டையில் பதிந்திருக்கும். அன்று மாலை மாவலி சுற்றவும் பனைதான் வேண்டும். ஆண் பனையின் காய்ந்த அலகை மண்ணில் குழி தோண்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொட்டலமாகச் சுருட்டி, பிளந்த மட்டைகளுக்கு நடுவில் இறுக்கிக் கட்டித் தீயேற்றிச் சுற்றினால் பொறி மழையாகக் கொட்டும்.

எழுதும் ஓலைக்கு வேறு பக்குவம். அளவாக நறுக்கி, மஞ்சள் நீரில் அவித்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்து, துளையிட்டுக் கயிற்றில் கோப்பார்கள். எழுத்தாணியால் கீறிய பின் விளக்குக் கரியைப் பூசித் துடைத்தால் எழுத்து மட்டும் கறுப்பாகத் தெரியும். நமக்குச் சங்க நூல்கள் வந்து சேர்ந்தது இந்தப் பக்குவத்தால்தான்.

மட்டையும் மரமும்

பச்சை மட்டையின் இரு ஓரத்துக் கருக்கையும் முதலில் செதுக்கிவிடுங்கள், கையை அறுத்துவிடும். பின் நீரில் ஊறவைத்து, மேல்தோலை உரித்தால் நார் வரும். கட்டில் பின்னவும் பெட்டி கட்டவும் அது போதும். பத்தையை நசுக்கி எடுக்கும் முரட்டுத் தும்பு தூரிகைக்குப் போகும்.

மரத்துக்கென்று நல்ல பனையை வெட்டாதீர்கள். தமிழ்நாட்டில் பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. காய்ப்பு நின்று முதிர்ந்த மரமோ புயலில் விழுந்ததோ கிடைத்தால் பயன்படுத்துங்கள். பனைக்கு வைரம் வெளிப்புறத்தில் இருக்கும், உள்ளே சோறு. வெளியே காழ், அதாவது வைரம், உள்ளது புல், உள்ளே காழ் உள்ளது மரம் என்று தொல்காப்பியம் பிரிப்பது பனையைப் பார்த்தால் விளங்கும். ஆகவே நெடுக்குவாக்கில் பிளந்து, உட்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, கறுப்பு நார் ஓடும் வெளிப்பலகையை மட்டும் கூரைக்குக் கைமரமாகப் போட வேண்டும். சோறு ஒட்டியிருந்தால் கரையான் அதன் வழியாக ஏறும்.

கொட்டை ஊன்றுதல்

கிழங்குக்கு எடுத்ததுபோக நல்ல கனமான கொட்டைகளை ஊன்றுவதற்கென்று ஒதுக்குங்கள். பனையைப் பையில் வளர்த்துப் பிடுங்கி நடுவதைவிட, நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையை ஊன்றுவது நல்லது. முளை முதலில் ஆழமாக மண்ணுக்குள் இறங்கி, பிறகுதான் மேலே எழும். பிடுங்கும்போது அது முறிந்தால் கன்று பிழைக்காது. பத்தடி இடைவெளியில் ஓர் அடிக் குழி, குழிக்கு இரண்டு கொட்டை, கண் கீழே, மேலே மண். புரட்டாசி முடிவதற்குள் ஊன்றிவிடுங்கள். குளக்கரை, வரப்பு, வேலியோரம் எல்லாம் ஏற்ற இடம். தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும் பள்ளம் மட்டும் வேண்டாம்.

மேலே வரும் முதல் இலை விசிறிபோல இருக்காது, புல்லின் தாள்போல ஒற்றையாக நிற்கும். புல் என்று நினைத்துக் களைவெட்டில் அறுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் ஒரு மட்டைத் துண்டை நட்டு அடையாளம் வையுங்கள். விசிறி ஓலை விட்டு வடலியாகும்வரை ஆடு மாடு மிதிக்காமல் முள் கட்டுங்கள். வடலியில் ஓலை வெட்டாதீர்கள். எங்கள் கிணற்று மேட்டில் நான் ஊன்றியதில் ஏழு இப்போது இடுப்பளவு வடலியாக நிற்கின்றன. எது அலகு, எது பருவம் என்று தெரிய இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. அடியில் சுற்ற ஒரு சேலைக் கிழிசலை எடுத்து வைத்திருக்கிறேன்.